வைஃபையும் அளவை நூலும்

மேசைக் கணினியிலிருந்து ரூட்டர்வரை ஒரு கம்பி ஓடினால், இணைப்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு விரலே விடை சொல்லிவிடும். கம்பியைத் தடவிக்கொண்டே போனால் மறுமுனை கிடைக்கும். செருகிய இடத்தில் ஒரு சிறு பச்சை விளக்கு மினுங்கும். கம்பியை எடுத்துவிட்டால் அதே கேள்வி தத்துவத்தின் பக்கம் வந்துவிடுகிறது. கணினிக்கும் ரூட்டருக்கும் நடுவில் காணவும் தொடவும் எதுவும் இல்லை. ஆனாலும் திரையில் ஒரு பெயர் தோன்றுகிறது. பக்கத்தில் விசிறி வடிவில் சில கோடுகள். கீழே ‘இணைக்கப்பட்டது’ என்று ஒரு சொல். இவற்றைப் பார்த்து ஒருவர் இணைப்பு இருக்கிறது என்று முடிவு செய்கிறார். அந்த முடிவு அறிவா, நம்பிக்கையா, வெறும் நினைப்பா?

இதைப் பிரித்துப் பார்க்கும் கருவி இந்தியத் தத்துவத்தில் மிகப் பழையது. ‘இதை எப்படி அறிந்தாய்?’ என்று கேட்டால் ஏற்கத்தக்க விடையாக நிற்பவற்றைத் தமிழ் நூல்கள் அளவை என்றன, வடமொழியில் பிரமாணம். அளவை எத்தனை என்பதில்தான் வழக்கு. உலகாயதர் காட்சி ஒன்றோடு நிறுத்திக்கொண்டனர். பௌத்தரும் வைசேடிகரும் காட்சி, கருதல் என இரண்டு என்றனர். சாங்கியர் உரையைச் சேர்த்தனர், நையாயிகர் உவமையைச் சேர்த்தனர், மீமாஞ்சகரில் பிரபாகரர் அருத்தாபத்தியைச் சேர்த்தார். குமாரிலர் வழியினரும் அத்வைதிகளும் இன்மையையும் சேர்த்து ஆறாக்கினர். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து வரை எண்ணுகிறான். 13ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே இவை அனைத்தையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கிவிடுகிறார்.

மணிமேகலையின் அளவைவாதி இன்னொரு காரியமும் செய்கிறான். அளவை போலத் தோன்றி அளவை ஆகாத எட்டையும் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறான்: சுட்டுணர்வு, திரியக்கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு. சரியான வழிகளின் பட்டியலைவிடத் தவறான வழிகளின் இந்தப் பட்டியல்தான் வைஃபை அமைப்பவருக்கு அதிகம் பயன்படும். அந்த வேலையில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை மின்னணுப் பிழைகள் அல்ல, அளவைப் பிழைகள்.

காட்சியிலிருந்து தொடங்கலாம். காட்சிக்குப் பொறி வேண்டும். பொறி பழுதில்லாமல் இருக்கவும் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் வரும் வைஃபை அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸில் சுமார் 6 சென்டிமீட்டர். இவையும் ஒளியின் இனம்தான். கண் பிடிக்கும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பது மட்டுமே வேறுபாடு. கொல்கத்தாவில் மில்லிமீட்டர் அலைகளைக் கொண்டு சோதனை செய்த ஜகதீஷ் சந்திர போஸ் இவற்றைப் பற்றி வங்காளத்தில் எழுதியபோது ‘காணாத ஒளி’ என்ற பொருள்படும் சொல்லையே ஆண்டார். ஆகவே இங்கே பொறி மனிதருடையது அல்ல. கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டை, அதன் ஆன்டெனா, அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பொறி.

அமைக்கும் வேலையில் முதலில் பார்க்க வேண்டியதும் இதுவே. மேசைக் கணினிகள் பலவற்றில் வைஃபை அட்டை இருப்பதே இல்லை. யூஎஸ்பி துளையில் செருகும் அடாப்டர் ஒன்று தேவைப்படும். அட்டை இருந்தாலும் ஆன்டெனா பெட்டியின் முதுகில் திருகப்பட்டிருக்கும். அந்த முதுகு வழக்கமாகச் சுவரை ஒட்டி நிற்கும். உலோகப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பொறி எதைக் காணும்? மடிக்கணினியில் சிக்கல் வேறு வகை. பழைய மாடல்களின் ஓரத்தில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும், புதியவற்றில் விசைப்பலகையின் மேல்வரிசையில் ஒரு விசை. தெரியாமல் கைபட்டு ஏர்பிளேன் மோட் விழுந்துவிட்டால் அமைப்புகளை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டது என்பது பூனையின் வாதம். ஆனால் ரூட்டரைக் குற்றம் சொல்லித் தொலைபேசியை எடுப்பவர்களில் பலர் அந்த வாதத்தைத்தான் செய்கிறார்கள்.

பொறி சரியாக இருந்தால் பெயர்களின் பட்டியல் ஒன்று திரையில் வரும். இது காட்சியா? காட்சி போலத்தான் இருக்கிறது. உண்மையில் ரூட்டர் நொடிக்கு ஏறத்தாழ 10 முறை ஒரு சிறு அறிவிப்பை வானலையில் வீசிக்கொண்டே இருக்கிறது. தன் பெயர், எந்தச் சேனல், என்ன வேகங்கள், எந்தப் பாதுகாப்பு முறை என்பவை அதில் இருக்கும். கணினி கேட்பது அந்த அறிவிப்பை மட்டுமே. எனவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஓர் உரை. யாரோ தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்வது. எஸ்.எஸ்.ஐ.டி. எனப்படும் அந்தப் பெயர் 32 பைட்டுகளுக்கு மிகக்கூடாது என்பதைத் தவிர வேறு கட்டுப்பாடு அநேகமாக இல்லை. யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும். மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும். அதனால் தமிழில் பெயர் வைக்க விரும்புபவருக்கு 10 குறிகளே இடமுண்டு. ‘வீடு’ என்று வைத்தாலே 12 பைட் போய்விடும். பெயரைப் பதிவு செய்யும் அலுவலகம் இல்லை, ஒரு பெயர் ஒருவருக்கே என்ற சட்டமும் இல்லை. அடுத்த வீட்டுக்காரரின் ரூட்டர் பெயரையே தன் ரூட்டருக்கு வைக்க எவராலும் முடியும்.

உரையை அளவையாக ஏற்றவர்கள் எல்லா உரையையும் ஏற்கவில்லை. ஆப்தனின் உரையே, அதாவது உண்மையை அறிந்தவனும் ஏமாற்றும் எண்ணம் இல்லாதவனுமான ஒருவனின் சொல்லே அளவை என்று நையாயிகர் வரம்பு கட்டினர். வானலையில் வரும் பெயருக்கு இந்த வரம்பு பொருந்தாது. சொல்பவன் யார் என்றே தெரியாதபோது ஆப்தனா என்று எப்படித் தெரியும்? மணிமேகலை இந்த நிலைக்குத் தரும் பெயர் நினைப்பு. காரணம் எதுவும் இல்லாமல், ‘இவர்கள்தாம் உன் தாய் தந்தை’ என்று பிறர் சொன்னதைக் கேட்டு அப்படியே கருதிக்கொள்வதை அது உதாரணமாகக் காட்டுகிறது. ரயில் நிலையத்திலோ விடுதியிலோ தெரிந்த நிறுவனத்தின் பெயரைத் திரையில் பார்த்ததும் இணைந்துகொள்வது இந்த நினைப்பின் இன்றைய வடிவம். நல்ல பெயரை வைத்துக்கொண்டு காத்திருக்கும் போலி ரூட்டரைப் பாதுகாப்புத் துறையினர் தீய இரட்டை என்கிறார்கள். நியாய மரபு இதை அன்றே ஒரு பறவையை வைத்துப் பேசியிருக்கிறது. மயில் அகவுகிறது, ஆகவே மழை வரும் என்று ஒருவர் கருதலாம். ஆனால் அகவியது மயிலைப் போலக் குரல் கொடுத்த மனிதனாக இருந்தால்?

பட்டியலில் ஒரு பெயர் இல்லையென்றால் அந்த வலை இல்லை என்று சொல்லலாமா? இங்கே குமாரிலர் வழியினரின் ஆறாவது அளவை வருகிறது. மேசைமேல் குடம் இருந்தால் தெரிந்திருக்கும், தெரியவில்லை, ஆகவே குடம் இல்லை என்பது அவர்கள் சொல்லும் இன்மையறிவு. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இருந்திருந்தால் கண்டிருக்கக்கூடிய பொருளாக அது இருக்க வேண்டும். இருட்டறையில் குடம் தெரியாததும், எந்த வெளிச்சத்திலும் பிசாசு தெரியாததும் இன்மைக்குச் சான்றாகா. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும் பழைய அட்டைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வலை பிசாசைப் போன்றது; இருந்தாலும் தெரியாது. அமெரிக்க விதிகளுக்கு அமைத்த அட்டை 12, 13ஆம் சேனல்களைக் கேட்பதில்லை. இந்தியாவில் ரூட்டர் அந்தச் சேனலில் அமர்ந்துவிட்டால் கைபேசியில் தெரியும் வலை கணினியில் மட்டும் தெரியாமல் போகும். கடையில் வாங்கிய அட்டை கெட்டது என்று திருப்பிக் கொடுக்கும் முன் ரூட்டரில் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றுக்கு மாற்றிப் பார்ப்பது நல்லது. அந்த மூன்றுமே ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை.

பெயரை மறைத்துவைக்கும் வசதி ஒன்றும் ரூட்டரில் உண்டு. அதை இயக்கிவிட்டால் அறிவிப்பில் பெயர் மட்டும் வெறுமையாக விடப்படும், அறிவிப்பு நிற்காது. பாதுகாப்புக்காக இதைச் செய்பவர்கள் பலர், ஆனால் விளைவு நேர்மாறானது. தன் வலை பெயர் சொல்லாது என்று தெரிந்த கணினி, போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைத் தானே கூவிக் கூவித் தேடத் தொடங்குகிறது. ரூட்டர் வீட்டில் வாயை மூடிக்கொள்ள, மடிக்கணினி ஊரெல்லாம் வீட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிகிறது. பெயரை மறைப்பது வீண் வேலை.

அடுத்தது விசிறிக் கோடுகள். இது கருதலின் களம். மேகம் கண்டு மழையைக் கருதுவது ‘முதல்’, ஆற்றில் வெள்ளம் கண்டு அதன் மேல்பகுதியில் பெய்த மழையைக் கருதுவது ‘எச்சம்’ என்பது மணிமேகலை தரும் பிரிவு. கோடுகள் எச்ச வகையைச் சேர்ந்தவை: வந்து சேர்ந்த சிக்னலின் வலிமையிலிருந்து அனுப்பியதன் இருப்பைக் கருதுகிறோம். அந்த வலிமையைக் கணினி டி.பி.எம். என்ற அலகில் அளக்கிறது. ரூட்டரின் அருகே -30, ஓரளவு நல்ல இணைப்புக்கு -67, அதற்குக் கீழே -80ஐ நெருங்கும்போது தடுமாற்றம். -70 என்பது ஒரு மில்லிவாட்டில் ஒரு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சிறியதைக் கேட்டுப் படம் காட்டுகிறது ஒரு கைப்பொருள் என்பதே வியப்புதான்.

கோடுகள் நிறைய இருந்தால் இணையம் வரும் என்பது பரவலான கருத்து. தர்க்க நூலில் இதை வியாப்தி என்பார்கள்: எங்கெங்கே புகை உண்டோ அங்கங்கே நெருப்பு உண்டு என்பது போன்ற விலகாத உடனிகழ்ச்சி. இதைத் திருப்பிப் போட்டு, நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்றால் தவறு. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை வர ஈர விறகு என்ற இன்னொன்று வேண்டும். இப்படி மறைந்து நின்று காரியம் செய்வதற்கு உபாதி என்று பெயர். கோடுகளுக்கும் இணையத்துக்கும் நடுவே உள்ள உபாதி, ரூட்டரின் முதுகிலிருந்து தெருவுக்குப் போகும் கம்பி. அது அறுந்திருந்தாலும், கட்டணம் கட்டாமல் நின்றிருந்தாலும் கோடுகள் நான்கும் நிமிர்ந்தே நிற்கும். கோடுகள் ரூட்டரைப் பற்றி மட்டும் பேசுகின்றன. அதற்கு அப்பால் உள்ள உலகைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

ரூட்டரைப் பற்றிக்கூட அவை பாதியே சொல்கின்றன. கோடுகள் காட்டுவது கணினி எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை. கணினி சொல்வது ரூட்டருக்குக் கேட்கிறதா என்பதை அல்ல. ரூட்டர் உரத்த குரல்காரர், மடிக்கணினி மெல்லப் பேசுவது. வீட்டின் கடைசி அறையில் கோடுகள் இரண்டு மூன்று தெரிந்தும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று இரைச்சல். அடுக்ககத்தில் 20 ரூட்டர்கள் ஒரே சேனலில் பேசினால் எல்லாருக்கும் கோடுகள் நிறைந்திருக்கும், பேச்சு நடக்காது. சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வலை திணறுவதும் இதனால்தான். அந்த அடுப்பு வேலை செய்வது ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் இந்தத் தொல்லை தீரும். ஆனால் அந்த அலை கான்கிரீட் சுவரைக் கடப்பதில் வலு குறைந்தது. ரூட்டரை அறையின் மூலையில், இரும்பு பீரோவின் பின்னால் வைத்துவிட்டு எந்த அலையைத் தேர்ந்தாலும் ஒன்றுதான்.

கருதல் எவ்வளவு பெரிய இடத்திலும் பிழைக்கலாம் என்பதற்கு இந்தத் துறையின் வரலாறே சாட்சி. ஓசை ஒரு குணம், குணத்துக்கு ஒரு பற்றுக்கோடு வேண்டும், நிலம் நீர் தீ காற்று எதுவும் பொருந்தவில்லை, ஆகவே ஆகாயம் என்ற ஐந்தாவது பொருள் உண்டு என்று வைசேடிகர் கருதினர். ஐரோப்பிய இயற்பியலார் அறியாமலே ஏறத்தாழ அதே வழியில் நடந்தனர்: ஒளி ஓர் அலை, அலைக்கு ஓர் ஊடகம் வேண்டும், ஆகவே ஈதர் உண்டு. 1887இல் மைக்கேல்சனும் மார்லியும் அந்த ஈதரின் ஓட்டத்தை அளக்க முயன்றனர்; எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. 1905இல் ஐன்ஸ்டீன் ஈதர் தேவையே இல்லை என்றார். இருந்திருந்தால் தெரிந்திருக்கும், தெரியவில்லை, ஆகவே இல்லை. இன்மை அளவை முறையாக வேலை செய்த இடம் அது. வேடிக்கை அத்தோடு முடியவில்லை. 1973இல் கணினிகளைக் கம்பியால் இணைக்கும் முறை ஒன்றை ராபர்ட் மெட்காஃப் வகுத்தபோது, இல்லை என்று தள்ளப்பட்ட அந்த ஈதரின் பெயரையே அதற்குச் சூட்டினார். கம்பிவழி வலைக்கு ஈதர்நெட் என்று பெயர். அவருக்குத் தூண்டுதலாக இருந்த ஹவாய்த் தீவுகளின் அலோஹா வலையோ வானொலியில் ஓடியது.

இனி கடவுச்சொல். வைஃபை பற்றிய தத்துவ விசாரணையில் மிகச் செறிவான இடம் இதுதான். பெயர் வெறும் உரை, கோடுகள் அரைகுறைக் கருதல் என்றால், எதிரே இருப்பது நம் ரூட்டர்தான் என்று எதைக் கொண்டு அறிவது? இரகசியத்தை இருவரும் அறிந்திருக்கிறார்கள் என்பதைக் கொண்டு. ஆனால் இரகசியத்தை வாய்விட்டுச் சொன்னால் ஒட்டுக்கேட்பவனும் அறிந்துவிடுவான். சொல்லாமலே அறிந்ததைக் காட்ட வேண்டும்.

டபிள்யூ.பி.ஏ.2 எனப்படும் முறை இதை நான்கு செய்திகளில் செய்கிறது. ரூட்டர் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும். கணினி தன் பங்குக்கு ஒரு தற்செயல் எண்ணை எடுத்து, இரண்டையும் கடவுச்சொல்லிலிருந்து பிறந்த சாவியோடு கலந்து ஒரு முத்திரை செய்து, தன் எண்ணோடு அனுப்பும். ரூட்டரும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். முத்திரை ஒத்துப்போனால் கணினிக்கு இரகசியம் தெரியும் என்பது உறுதி. மூன்றாம் செய்தியில் ரூட்டர் தன் முத்திரையை அனுப்பும். இப்போது கணினி ரூட்டரைச் சோதிக்கிறது. நான்காவது, ஏற்றுக்கொண்டதற்கான பதில். கடவுச்சொல் ஒருமுறைகூடக் காற்றில் ஏறவில்லை. மேலும் ஒரு நுட்பம்: 8 முதல் 63 எழுத்துவரை உள்ள அந்தச் சொல்லோடு வலையின் பெயரையும் சேர்த்து 4096 முறை அரைத்த பிறகே சாவி உருவாகிறது. பெயர் மாறினால், கடவுச்சொல் அதுவாகவே இருந்தாலும் சாவி வேறு.

இவ்வளவும் நிறுவுவது என்ன? எதிரே இருப்பவருக்கு இரகசியம் தெரியும் என்பதை மட்டும். அவர் இன்னார் என்பதை அன்று. தேநீர்க்கடைச் சுவரில் எழுதி ஒட்டிய கடவுச்சொல் எல்லாருக்கும் தெரியும். அதை அறிந்த எவரும் அதே பெயரில் ஒரு ரூட்டரை வைத்து, அதே முத்திரையைச் செய்து, கணினியின் சோதனையில் தேறிவிடலாம். அறிவின் சான்றை அடையாளத்தின் சான்றாகக் கொள்வது திரியக்கோடல். கிளிஞ்சலை வெள்ளி என்று எடுப்பது. கடவுச்சொல்லே இல்லாத திறந்த வலையில் இந்தச் சோதனைகூட நடப்பதில்லை.

இரகசியத்தின் வலிமையும் ஒரே சீராக இருந்ததில்லை. 1997இல் வந்த வைஃபையின் முதல் தரமான 802.11இல் இருந்த வெப் என்ற பூட்டு, 2001இல் ஃப்ளூரர், மான்ட்டின், ஷமீர் ஆகியோர் காட்டிய வழியில் உடைந்தது. 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 இன்றும் பெரும்பாலான வீடுகளில் ஓடுகிறது. 2017இல் மத்தி வான்ஹூஃப் அதன் நான்கு செய்தி முறையில் ஓர் ஓட்டையைக் காட்டினார். மென்பொருளைப் புதுப்பித்து அடைத்தார்கள். அடைக்க முடியாத குறை ஒன்று உண்டு: அந்த நான்கு செய்திகளைப் பதிவுசெய்து எடுத்துப் போனவர், வீட்டில் உட்கார்ந்து இலட்சக்கணக்கான சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல் அதில் நீடிக்காது. 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூ.பி.ஏ.3 ஒவ்வொரு ஊகத்துக்கும் ரூட்டரிடம் நேரில் வந்து கேட்க வேண்டும் என்று ஆக்கியது. கணினியும் ரூட்டரும் இரண்டுமே அதை ஏற்குமானால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். வெப் என்ற சொல் அமைப்பில் தெரிந்தால் அந்த ரூட்டரை மாற்றிவிட வேண்டும்.

நான்கு செய்திகளின் இந்தக் கைகுலுக்கல் முடிந்ததும் கணினி தனக்கு ஒரு முகவரி கேட்கிறது. ‘யாராவது இருக்கிறீர்களா’ என்ற பொதுக்கூவல், ‘இந்த எண்ணை எடுத்துக்கொள்’ என்ற பதில், ‘எடுத்துக்கொள்கிறேன்’, ‘சரி’ என டி.ஹெச்.சி.பி. உரையாடல் நொடியில் முடியும். 192.168 என்று தொடங்கும் எண்ணோடு, பெயர்களை எண்களாக்கித் தரும் டி.என்.எஸ். வழங்கி எது என்ற தகவலும் வரும். இதுவும் உரையே, கேள்வி கேட்காமல் கணினி ஏற்றுக்கொள்கிறது. பதிலே வராவிட்டால் 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தானே வைத்துக்கொள்ளும். அந்த எண் திரையில் தெரிந்தால் ரூட்டர் முகவரி தரவில்லை என்று பொருள். புலி வருவது கண்ணில் பட்டும் புலி என்று உணராமல் நிற்பதுதான் கண்டுணராமை, 169.254ஐப் பார்த்தும் டிரைவரை மீண்டும் மீண்டும் நிறுவிக்கொண்டிருப்பவர் அந்த நிலையில் இருக்கிறார்.

எல்லாம் ஆனபின் சோதித்துப் பார்க்க வேண்டும். தூரத்தில் தெரிவது நீரா கானலா என்பதை எப்படி முடிவு செய்வது? போய்க் குடித்துப் பார்த்து, தாகம் தீர்ந்ததா என்பதைக் கொண்டு, என்பது நியாய மரபின் விடை. செயல் பலித்தால் அறிவு சரி. விண்டோஸ் இதைத் தானாகவே செய்கிறது: இணைந்த உடனே தன் நிறுவனத்தின் வழங்கியிலிருந்து ஒரு சிறு எழுத்துக்கோப்பை வரவழைத்து, எதிர்பார்த்த வாசகம்தான் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கும். விடுதிகளில் அறை எண்ணும் கைபேசி எண்ணும் கேட்கும் நுழைவுப் பக்கம் நடுவில் புகுந்தால் வாசகம் மாறியிருக்கும், கணினி கண்டுகொள்ளும்.

பலித்த செயலும் ஏமாற்றலாம். எட்டாம் நூற்றாண்டின் பௌத்தத் தருக்கவியலார் தர்மோத்தரர் ஒரு நிலையைக் கற்பனை செய்கிறார். இறைச்சி சுட இப்போதுதான் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். புகை இன்னும் எழவில்லை. இறைச்சிக்கு மொய்த்த ஈக்கூட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவன் புகை என்று எண்ணி, அங்கே நெருப்பு இருக்கிறது என்கிறான். நெருப்பு உண்மையிலேயே இருக்கிறது. அவன் அறிந்தானா? இல்லை, முடிவு சரி, வழி தவறு. 1963இல் எட்மண்ட் கெட்டியர் எழுதிய மூன்று பக்கக் கட்டுரை மேற்கில் எழுப்பிய புயல் இதே கேள்வியைச் சுற்றியதுதான். வைஃபை அமைப்பவர் மேசையில் இந்த ஈக்கூட்டம் அடிக்கடி மொய்க்கும். புது அடாப்டரைச் செருகி, கடவுச்சொல் கொடுத்து, ஒரு பக்கத்தைத் திறக்கிறார், திறக்கிறது, வைஃபை வேலை செய்கிறது என்று எழுந்து போகிறார். பழைய ஈதர்நெட் கம்பி பின்னால் செருகியபடியே இருக்கிறது. பக்கம் வந்தது அதன் வழியே. வைஃபையும் வேலை செய்யலாம். ஆனால் அவருக்கு அது தெரியாது. கம்பியைப் பிடுங்கிவிட்டு, இதுவரை திறக்காத ஒரு பக்கத்தைத் திறந்து பார்ப்பதே சோதனை. முன்பே பார்த்த பக்கம் கணினியின் சேமிப்பிலிருந்தும் வந்துவிடலாம்.

ஓர் அறிவு சரியென்பதற்கு இன்னொரு சான்று வேண்டுமா என்பதும் பழைய வழக்கு. வேண்டாம், தவறென்று தெரியும்வரை அறிவு தன்னளவிலேயே சரி என்றார் குமாரிலர். வேண்டும், வெளியிலிருந்து ஒன்று உறுதிசெய்ய வேண்டும் என்றனர் நையாயிகர். வீட்டுக் கணினி குமாரிலர் பக்கம். ஒருமுறை சேமித்த வலையைப் பிறகு எப்போதும் கேள்வியின்றி ஏற்கிறது. கல்லூரிகளும் அலுவலகங்களும் நையாயிகர் பக்கம். அங்கே இணையும்போது வழங்கியின் சான்றிதழைக் காட்டி, ஏற்கலாமா என்று கணினி கேட்கும். சான்றிதழுக்குச் சான்று யார்? அதற்கு மேலொருவர், அவருக்கு மேலொருவர். பௌத்தரான நாகார்ச்சுனர் நையாயிகரை மடக்கியது இந்த முடிவில்லாப் படிக்கட்டில்தான்: அளவையை அளக்கும் அளவை எது? நியாய சூத்திரத்திலுள்ள விடை தராசு. பிற பொருளை நிறுக்கும் தராசையும் தேவைப்படும்போது நிறுத்துப் பார்க்கலாம். எப்போதும் நிறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. கணினியும் உலாவியும் அந்த விடையோடு நின்றுவிட்டன. உலாவியோடு கூடவே வரும் வேர்ச் சான்றிதழ்களுக்கு மேலே சான்று இல்லை. படி அங்கே முடிகிறது. அந்தப் படி இருப்பதால்தான் போலி ரூட்டரில் மாட்டிக்கொண்டவருக்கும் வங்கிப் பக்கம் ஓரளவு காப்பாகிறது. சான்றிதழ் எச்சரிக்கை வந்தும் ‘தொடர்க’ என்று அழுத்துபவர் அந்தக் காப்பைத் தானே கழற்றிவிடுகிறார்.

கடைசியாக, அடையாளம். சுடர் ஒவ்வொரு கணமும் புதிது. ஒப்புமையால் ‘அதே விளக்கு’ என்கிறோம் என்றனர் பௌத்தர். ‘அதே’ என்று அறிவதே பொருள் நிலைத்திருப்பதற்குச் சான்று என்றனர் நையாயிகர். பழுதான ரூட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய ஒன்றை வாங்கி, அதற்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் பழைய பாதுகாப்பு முறையையும் கொடுத்துப் பார்த்தால் கணினி எந்தக் கட்சி என்பது தெரியும். பெட்டி வேறு, தயாரித்த நிறுவனம் வேறு, உள்ளே பொறித்த மேக் முகவரி வேறு. வீட்டிலுள்ள கணினிகளும் கைபேசிகளும் எதையும் கேட்காமல் சில நொடிகளில் அதில் இணைந்துகொள்ளும்.